42 நாட்களுக்கு அப்பால்: விஸ்கான்சின் சிறுவனின் குடல் நோய் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி ஆண் குழந்தை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்தவன். 15 மாத வயதில் ஆசனவாயைச் சுற்றிச் சீழ்க்கட்டிகள் வந்தன. மலக்குடல் புண்ணாகியிருந்தது. எடை ஏறவில்லை. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினால் சில நாட்களில் ஆறிவிட வேண்டும், இவனுக்கு ஆறவில்லை. அழற்சி மலக்குடலிலிருந்து மேலே ஏறிப் பெருங்குடல் முழுவதையும் பிடித்தது. குடற்சுவரின் எல்லா அடுக்குகளையும் அரித்துக்கொண்டு வெளியே வந்து, வயிற்றுத் தோலில் வாய் திறந்தது. உள்ளே போக வேண்டிய மலம் வயிற்றின் மேற்புறத் துளைகள் வழியே கசிந்தது. இப்படிக் குடலுக்கும் தோலுக்கும் இடையே உண்டாகும் புரையோட்டத்தை மருத்துவர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள்.

அந்தக் காயங்களைக் கழுவிக் கட்டுப்போடும் வேலையை வார்டில் வைத்துச் செய்ய முடியவில்லை. விழித்திருக்கும் குழந்தையால் அந்த வலியைத் தாங்க முடியாது என்பதால், அறுவை அரங்குக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். ஐந்து வயதை எட்டுவதற்குள் அவன் 100-க்கும் மேற்பட்ட முறை அந்த அரங்குக்குள் போய்வந்திருந்தான். வாய்வழி உணவு நிறுத்தப்பட்டு நரம்பு வழியே சத்து ஏற்றப்பட்ட காலங்கள் உண்டு. கடைசியில் பெருங்குடலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

மில்வாக்கி நகரின் குழந்தைகள் மருத்துவமனையும் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இந்த நிகழ்வை 2011-இல் 'ஜெனெடிக்ஸ் இன் மெடிசின்' இதழில் பதிவு செய்தன. ஒரு குழந்தையின் மரபணுத் தொகுதியைப் படித்து, கண்டுபிடித்ததை வைத்துச் சிகிச்சையை முடிவுசெய்த முன்னோடி நிகழ்வு என்று அது புகழ்பெற்றது. அதைப் பற்றி எழுதிய உள்ளூர்ச் செய்தித்தாளுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்தப் புகழில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழந்தைகளின் குடல் அழற்சி நோயில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி மரபணுவைப் பற்றியதாக இருப்பதில்லை. "பத்து வருஷம் கழிச்சு எம் புள்ள எப்படி இருப்பான் டாக்டர்?" என்பதுதான் அது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த நிகழ்வைப் படித்தால் வெற்றிக்கதையின் ஓரங்கள் கொஞ்சம் கூராகத் தெரிகின்றன.

வழக்கமான குழந்தைக்கு வழக்கமாக என்ன நடக்கிறது

அவனுக்கு முதலில் கொடுக்கப்பட்ட பெயர் குரோன் போன்ற நோய். குரோன் என்பது குடற்சுவரைத் துளைக்கவும் சுருக்கவும் கூடிய நாட்பட்ட குடல் அழற்சி. எனவே குரோன் நோயுள்ள மற்றக் குழந்தைகளின் நீண்டகால நிலவரத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இவன் எந்த இடத்தில் தடம் மாறினான் என்பது பிடிபடாது.

இதற்குக் கிடைக்கும் மிக நல்ல சான்றுகளில் ஒன்று வட பிரான்சின் எபிமாட் பதிவேடு. 1988 முதல் 2002 வரை குரோன் என்று கண்டறியப்பட்ட, 17 வயதுக்குக் குறைந்த 404 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள்; சராசரியாக ஏழாண்டுக் காலம். கண்டறியும்போது 29 சதவீதக் குழந்தைகளுக்குக் குடல் சுருக்கமோ துளைப்போ ஏற்பட்டிருந்தது. தொடர்கவனிப்பின் முடிவில் அது 59 சதவீதமாகியிருந்தது. மூன்றாண்டுக்குள் குடல் அறுவைக்குப் போகும் வாய்ப்பு 20 சதவீதம், ஐந்தாண்டுக்குள் 34 சதவீதம். அழற்சியைக் குறிவைத்து அணைக்கும் இன்றைய உயிரியல் மருந்துகள் பரவலாக வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் குழந்தைக் குரோன் தானாக அடங்கிப்போகும் நோய் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் அரிது.

அந்தக் காலத்தில் சிகிச்சை படிப்படியாக ஏறியது. முதலில் ஸ்டீராய்டு, அதைக் குறைத்தால் நோய் திரும்பும்போது தற்காப்பைத் தணிக்கும் அசத்தியோபிரின் அல்லது மெத்தோட்ரெக்ஸேட், அதுவும் போதாதபோது இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற உயிரியல் மருந்து. ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தைக்குப் பசி வரும், முகம் பூரிக்கும், "நல்லா தேறிட்டான்" என்று பாட்டி சொல்வாள். உயரம் மட்டும் நின்றுபோயிருக்கும். பருவமடையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வளர வேண்டிய உயரத்தை அழற்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்து தின்றுவிட்டால், எலும்பின் வளர்தகடுகள் மூடியபின் அதைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் குழந்தை மருத்துவத்தில் 'பலன்' என்பதற்குள் உயர அட்டவணையும் அடங்கும். பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

குரோன் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டுக்கு மாற்றாகத் திரவ உணவுச் சிகிச்சை உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு எதுவும் தராமல், முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டுமே வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ கொடுப்பார்கள். பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு நோய் அடங்கும், வளர்ச்சியும் கெடாது. பண்டிகை, கல்யாணம், பள்ளி டிபன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் நடுவே எட்டு வாரம் ஒரு பிள்ளையை அப்படி வைத்திருக்க அந்த வீட்டின் ஒத்துழைப்பு முழுதாக வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதுவது எளிது.

பெரிய திருப்பம் இன்ஃப்ளிக்ஸிமாபோடு வந்தது. 2006-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழந்தைக் குரோனுக்கு அதை அனுமதித்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ரீச் ஆய்வில் 112 குழந்தைகள். பத்தாவது வாரத்தில் 88 சதவீதம் பேருக்கு மருந்து வேலை செய்தது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் 56 சதவீதம் பேர் 54-ஆம் வாரத்தில் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றியவர்களில் அது 23.5 சதவீதம்தான். மருந்து ஒன்றே, இடைவெளியை நான்கு வாரம் நீட்டியதில் பலன் பாதிக்கும் கீழே போய்விட்டது. செலவை நினைத்து ஒரு தவணையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்த ஒற்றை எண்ணை அறிந்திருக்க வேண்டும்.

பின்னர் வந்த ஆய்வுகள் படியேறும் முறையையே கேள்வி கேட்டன. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய டிஸ்கிட்ஸ் ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரை குரோன் உள்ள 100 குழந்தைகளில் பாதிப்பேருக்குத் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு வழக்கமான முறை. ஓராண்டு முடிவில் சிகிச்சையைக் கூட்டத் தேவையின்றி நோய் அடங்கியிருந்தவர்கள் முதல் குழுவில் 41 சதவீதம், இரண்டாவதில் 15. வட அமெரிக்காவில் 28 மையங்களில் 913 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ரிஸ்க் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கண்டறிந்த 90 நாட்களுக்குள் இந்த வகை மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் குடல் துளைத்துப் புரையோடுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் குடல் தழும்பேறிச் சுருங்குவது குறையவில்லை. அழற்சியை அணைக்கும் மருந்துக்குத் தழும்பைத் தடுக்கும் சக்தி இல்லை என்பது அங்கே வெளிப்பட்டது. அந்தக் கதவு இன்றும் மூடித்தான் இருக்கிறது.

பெற்றோரின் அடுத்த பயம் புற்றுநோய். அதற்கும் நல்ல பதில் இருக்கிறது. டெவலப் என்ற பதிவேடு 5,766 குழந்தைகளை ஏறத்தாழ 24,500 நோயாளி-ஆண்டுகள் அளவுக்குப் பின்தொடர்ந்தது. புற்று வந்தவர்கள் 15 பேர். அவர்களில் 13 பேர் அசத்தியோபிரின் வகை மருந்தை எடுத்தவர்கள். இன்ஃப்ளிக்ஸிமாபால் புற்று அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. இன்னொரு வரி அதில் உண்டு, இந்த நிகழ்வுக்கு அதுவே முக்கியம். ஐந்து குழந்தைகளுக்கு எச்.எல்.எச். என்ற கொடிய நிலை வந்தது. ஐவருமே அசத்தியோபிரின் வகை மருந்து எடுத்தவர்கள். ஐவருக்குமே எப்ஸ்டீன்-பார் வைரஸோ சைட்டோமெகலோ வைரஸோ அப்போதுதான் முதன்முறையாகத் தொற்றியிருந்தது. எச்.எல்.எச். என்றால், வைரஸைக் கொல்லக் கிளம்பிய தற்காப்புச் செல்கள் நிறுத்தும் ஆணை கிடைக்காமல் சொந்த உடம்பையே அழிக்கத் தொடங்குவது. காய்ச்சல் இறங்காது, மண்ணீரல் வீங்கும், ரத்த அணுக்கள் சரியும், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவு தலைதெறிக்க ஏறும்.

இவன் ஏன் அந்த வரிசையில் இல்லை

மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்ந்த குழந்தைகள் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியவர்கள். குரோன் பொதுவாகப் பள்ளிப் பருவத்தின் பிற்பாதியில் தலைகாட்டும். ஆறு வயதுக்கு முன்பே தொடங்கினால் அதை மிக இளவயதுக் குடல் அழற்சி என்று தனியே பிரிக்கிறோம். இரண்டு வயதுக்கு முன் என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். இந்த வயதில் வரும் நோய்களில் ஒரு பகுதி உண்மையில் குடலின் நோயே இல்லை. தற்காப்பு மண்டலத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒற்றை மரபணுக் கோளாறு குடலில் வந்து முகம் காட்டுகிறது. குடலில்தான் கோடிக்கணக்கான கிருமிகள் தற்காப்புச் செல்களோடு சுவர் ஒட்டி வாழ்கின்றன. தற்காப்பு பிசகினால் முதல் கலகம் அங்கேதான் வெடிக்கும்.

மில்வாக்கி மருத்துவர்களுக்கு இந்தச் சந்தேகம் தொடக்கத்திலேயே இருந்தது. வயதும் கடுமையும் அப்படி. அப்போதிருந்த தற்காப்புக் குறைபாட்டுச் சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தார்கள். எதுவும் சிக்கவில்லை. நோயை அடக்கத் தற்காப்பைத் தணிக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். நிலைத்த பலன் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று என்ற யோசனை மேசைக்கு வந்தது. ஆனால் பெயர் தெரியாத நோய்க்கு அதைச் செய்ய எந்த மருத்துவருக்கும் கை நடுங்கும். மாற்றுச் சிகிச்சையே ஒரு குழந்தையைக் கொன்றுவிடலாம். கோளாறு ரத்தச் செல்களில் இல்லாமல் குடற்சுவரிலேயே இருந்தால் மாற்றியும் பயனில்லை.

2009-இல் குழந்தைக் குடலியல் மருத்துவர் ஆலன் மேயர், அதே வளாகத்தில் மரபணு ஆய்வு மையம் நடத்திய ஹோவர்ட் ஜேக்கபுக்கு எழுதினார்: இந்தப் பையனின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்க்க முடியுமா? அன்றைக்கு அது சிகிச்சைக்காகச் செய்யப்படும் சோதனை இல்லை. செலவை நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புரதம் உண்டாக்கும் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் முறையைக் கையாண்டார்கள். எலிசபெத் வொர்தியின் குழு தரவை அலசியது. பொது வரிசையிலிருந்து மாறுபட்ட இடங்கள் 16,124 என்று கணினி சொன்னது.

பதினாறாயிரத்தில் பெரும்பாலானவை யாரிடமும் இருக்கக்கூடிய, தீங்கில்லாத மாறுபாடுகள். ஊரில் பலரிடம் காணப்படுபவை கழிந்தன. புரதத்தை மாற்றாதவை கழிந்தன. தாய் தந்தையிடமிருந்து வரும் விதத்துக்குப் பொருந்தாதவை கழிந்தன. கடைசியில் நின்றது எக்ஸ் குரோமோசோமில் உள்ள எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்: 608-ஆம் இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் புரதத்தின் 203-ஆவது அமினோ அமிலம் சிஸ்டீனுக்குப் பதிலாக டைரோசின் ஆகிவிட்டது. பல உயிரினங்களில் மாறாமல் காக்கப்பட்டுவரும் இடம் அது. அங்கிருக்கும் சிஸ்டீன் துத்தநாக அயனியைப் பிடித்துப் புரதத்தின் மடிப்பை நிலைநிறுத்துகிறது. அது போனால் மடிப்பு குலையும்.

ஆண் குழந்தைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். தாயிடமிருந்து வந்த பிரதி கெட்டிருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. இந்த மரபணு கெட்டால் வரும் நோயை 2006-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் விவரித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது குடல் நோயை இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றினால் எச்.எல்.எச். வந்து விழும் சிறுவர்களை. குரோனோடு இந்த மரபணுவை அதுவரை யாரும் இணைத்திருக்கவில்லை. அதனால் மில்வாக்கி குழு எழுத்து மாற்றத்தைக் கண்டதோடு நிற்கவில்லை. உரிமம் பெற்ற ஆய்வகத்தில் பழைய சாங்கர் முறையில் மறுபடி உறுதிசெய்தார்கள். பையனின் செல்களை எடுத்து இரண்டு விஷயங்களைச் சோதித்தார்கள். தூண்டப்பட்டால் அவை அளவுக்கு மீறிச் சாகின்றனவா? ஆம். கிருமியின் சுவர்த் துணுக்கைக் காட்டினால் நாட்-2 வழியே எதிர்வினை எழுகிறதா? சரியாக எழவில்லை.

இந்த இரண்டாவது விடைதான் என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது. 2001-இல் குரோன் நோயோடு முதன்முதலில் இணைக்கப்பட்ட மரபணு நாட்-2. குடற்கிருமிகளைச் செல்லுக்குள்ளிருந்து மோப்பம் பிடிக்கும் உணரி அது. அந்த உணரியின் சேதியைக் கடத்தும் சங்கிலியில் எக்ஸ்.ஐ.ஏ.பி. ஒரு கண்ணி. அதாவது லட்சக்கணக்கானவர்களிடம் லேசாகப் பிசகிக் குரோனுக்கு இடம் கொடுக்கும் அதே பாதை, இந்த ஒரு பிள்ளையிடம் நடுவிலேயே அறுந்திருந்தது. அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாமல், பொதுவான நோயின் உட்பொறியை அது திறந்து காட்டியது.

மாற்றுச் சிகிச்சை எதற்காகச் செய்யப்பட்டது

இங்கே ஒரு நுட்பம் பலமுறை தவறாகச் சொல்லப்படுகிறது. குடலைக் குணப்படுத்த மாற்றுச் சிகிச்சை செய்தார்கள் என்று எழுதுகிறார்கள். மருத்துவர்கள் எழுதிய காரணம் வேறு. எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாடு என்று பெயர் கிடைத்த கணமே, எச்.எல்.எச். வந்து சாகும் அபாயம் அவன் தலைமேல் தொங்குவது தெரிந்துவிட்டது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் யாரையும் விட்டுவைப்பதில்லை. வளர்ந்துவிட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருடைய ரத்தத்திலும் அதன் தடம் இருக்கும். அந்த வைரஸ் வருவதற்குமுன் தற்காப்பு மண்டலத்தை மாற்றிவிட வேண்டும். அந்த நோய்க்கு ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அதுதான். குடலுக்கும் நல்லது நடக்கும் என்பது எதிர்பார்ப்பு. உத்தரவாதம் யாரும் கொடுக்கவில்லை.

2010-இன் நடுவில் உறவல்லாத கொடையாளரின் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றப்பட்டது. 42 நாட்களைக் கடந்த நிலையில் அவன் வாயால் சாப்பிட்டான், குடித்தான். குடல் நோய் திரும்பவில்லை. குடலின் கோளாறையும் இதே மரபணுதான் ஓட்டியிருக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார்கள். நியாயமான ஊகம்.

ஆனால் பெரியதாகப் பேசப்பட்ட அந்தக் கட்டுரை கையில் வைத்திருந்த பின்தொடர்வு ஆறு வாரத்துக்குச் சற்று மேல்தான். குழந்தைக் குடல் நோயில் ஆறு வாரம் என்பது ஒரு திரவ உணவுச் சிகிச்சையின் காலம். மாற்றுச் சிகிச்சையிலோ, புதிய தற்காப்புச் செல்கள் அவற்றைப் பெற்றவரின் உடலையே தாக்கும் சிக்கல் நூறு நாட்களுக்குப் பின்னும் வரலாம். தற்காப்பு முழுதாக மீள ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகள் வளர்ச்சியிலும் பின்னாளில் பிள்ளை பெறும் திறனிலும் கைவைக்கலாம். எடுத்த பெருங்குடல் திரும்ப வராது. கட்டுரையாளர்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை, நாள் கணக்கை வெளிப்படையாகவே போட்டார்கள். அதைப் படித்து 'குணமானது' என்று முடிவுகட்டியவர்கள் நாம்.

ஒருவனிலிருந்து பத்தொன்பது பேருக்கு

2013-இல் 'பிளட்' இதழில் வந்த பன்னாட்டுக் கணக்கெடுப்பை இந்தக் கட்டுரையோடு சேர்த்தே படிக்க வேண்டும். எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாட்டுக்காக மாற்றுச் சிகிச்சை பெற்ற 19 பேரின் விவரத்தை உலகெங்கிலுமிருந்து திரட்டினார்கள். மஜ்ஜையை முற்றாக அழிக்கும் முழுவலு முன்தயாரிப்புப் பெற்ற ஏழு பேரில் பிழைத்தவர் ஒருவர். வலு குறைத்த முன்தயாரிப்புப் பெற்ற 11 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர். எச்.எல்.எச். முன்பே அடங்கியிருந்த நிலையில் மாற்றுக்குப் போனவர்களின் நிலை மற்றவர்களைவிட மேலாக இருந்தது.

ஏழுக்கு ஒன்று. அதே 2011-இல் இன்னொரு ஊரில் இன்னொரு சிறுவனுக்கு விஸ்கான்சின் செய்தியைக் காட்டி முழுவலு மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். எக்ஸ்.ஐ.ஏ.பி. புரதத்தின் வேலையே செல்களைத் தற்கொலையிலிருந்து தடுப்பது. அது இல்லாத உடலில் கல்லீரல், நுரையீரல் உட்படப் பல இடங்களின் செல்கள் கடும் மருந்துக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பலியாகின்றன என்று கருதுகிறார்கள். நோய்க்குக் காரணமான அதே குறை, சிகிச்சையை விஷமாக்கியது. ஒரு பிள்ளையிடம் கிடைத்த வெற்றி இதைச் சொல்லியிருக்காது. பத்தொன்பது பேரைச் சேர்த்து எண்ணியபோதுதான் தெரிந்தது. பின்னர் ஜப்பானில் வலு குறைத்த முறைகளோடு வந்த முடிவுகள் வெகுவாக மேம்பட்டிருந்தன.

அப்படியானால் எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாடுள்ள எல்லாப் பையன்களுக்கும் மாற்று தேவையா? இந்த மரபணு கெட்டவர்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையானவர்களுக்கே குடல் அழற்சி வருகிறது. சிலர் பெரிய தொல்லை இன்றி வளர்ந்துவிடுகிறார்கள். குடல் நோய் மருந்துக்கு அடங்கி, எச்.எல்.எச்.-இன் சாயலும் இல்லாத ஒரு பையனை, ஏழுக்கு ஒன்று என்ற பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மாற்றுக்கு அனுப்புவது கடினமான முடிவு. குடல் கடுமையாகி எந்த மருந்துக்கும் மசியாமல் போனாலோ, எச்.எல்.எச். ஒருமுறை வந்துவிட்டாலோ, தராசு மறுபக்கம் சாயும். என் கருத்தில் இங்கே விதியாக எழுதிவைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டோடும் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும்

குரோனாக வேஷம் போடும் ஒற்றை மரபணு நோய்களில் எக்ஸ்.ஐ.ஏ.பி. ஒன்று மட்டும் இல்லை. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், அழற்சியை அடக்கும் சேதியை வாங்கும் இன்டர்லூக்கின்-10 ஏற்பியின் குறைபாட்டை விவரித்தார்கள். பிறந்த சில மாதங்களிலேயே ரத்தக் கழிச்சல், ஆசனவாயைச் சுற்றிப் புரையோட்டம். இன்ஃப்ளிக்ஸிமாப் உட்பட வழக்கமான எதுவும் பலிக்காது. மாற்றுச் சிகிச்சை கிடைத்தால் குடல் அமைதியாகிறது. இன்னொன்று, விழுங்கிய கிருமிகளை வெள்ளணுக்களால் கொல்ல முடியாமல் போகும் நாட்பட்ட கிரானுலோமா நோய். இதுவும் குரோனைப் போலவே வேஷம் போடும். ஆனால் இதற்கு இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்தால் குடல் தேறுவதுபோல் தோன்றும்போதே கடும் தொற்றுகள் தாக்கி உயிரிழப்பு நேர்ந்த அனுபவம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரீச் ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு வேலை செய்த அதே மருந்துதான்.

எத்தனை பேருக்கு இப்படி? டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனை ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குடல் அழற்சிக் குழந்தைகளின் எக்ஸோமைப் படித்தது. ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்தது சுமார் 3 சதவீதம் பேரிடம். எக்ஸ்.ஐ.ஏ.பி.-யை மட்டும் தேடிய ஒரு ஜெர்மானிய ஆய்வு, இளவயதுக் குரோன் உள்ள ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் அதைக் கண்டது. ஆக, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமான பாதைதான் சரியான பாதை. அவர்களுக்குச் சீக்கிரம் தொடங்கிய உயிரியல் மருந்தும் தவறாத தவணையும் உயர அட்டவணையும்தான் பத்தாண்டுப் பலனைத் தீர்மானிக்கும். இந்த நிகழ்வைக் காட்டி எல்லாப் பிள்ளைக்கும் மரபணுச் சோதனை எழுதுவது பெற்றோரின் பணத்துக்குக் கேடு. இரண்டு வயதுக்கு முன் தொடங்கிய நோய்க்கு அதை எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய கேடு.

நம் பக்கத்து மருத்துவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்கக் காரணங்கள் உண்டு. இன்டர்லூக்கின்-10 ஏற்பிக் குறைபாடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கத்தில் இந்தியாவின் முன்வரிசை மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கைக்குழந்தையின் ரத்தக் கழிச்சலோடு வரும் தாயிடம் "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா? இதுக்கு முன்னாடி பொறந்த குழந்தை ஏதும் தவறிப்போச்சா?" என்ற இரண்டு கேள்விகள் எந்த ஸ்கேனையும்விட மலிவானவை. எக்ஸ்.ஐ.ஏ.பி.-க்கு உறவுத் திருமணம் கணக்கில்லை. அங்கே கேட்க வேண்டியது தாய்மாமன்களைப் பற்றி. தாய் வழியில் சிறுவயதில் காய்ச்சலில் இறந்த ஆண் பிள்ளைகள் உண்டா என்று.

பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் பி.சி.ஜி. போடும் நாடு நம்முடையது. ஊசி போட்ட இடம் மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வைப்பதும், அந்தப் பக்கத்து அக்குளில் கட்டி பெரிதாவதும் தற்காப்புக் குறைபாட்டின் முதல் தடயமாக இருக்கக்கூடும். மேலைநாட்டுப் பாடநூலை மட்டும் படித்தவர்களுக்கு இந்தத் தடயம் தெரியாமல் போகலாம், அங்கே பல நாடுகளில் இந்த ஊசி எல்லாருக்கும் போடப்படுவதில்லை. மறுபுறம், குடல் காசநோய் குரோனைப் போலவே தோன்றுவது நமக்கே உரிய தலைவலி. காசநோய் மருந்தைத் தொடங்கி இரண்டு மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஆசனவாயைச் சுற்றிப் புரையோடிய ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதே வழக்கத்தைப் பின்பற்றினால், அந்த இரண்டு மாதமும் வீண்.

கையில் இருக்கும் சோதனைகள் விஸ்கான்சின் காலத்தைவிட எவ்வளவோ எளிதாகிவிட்டன. ரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் எக்ஸ்.ஐ.ஏ.பி. புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். புரதம் இருந்தும் வேலை செய்யாத வகைகள் உண்டு என்பதால் நாட்-2 தூண்டல் சோதனையையும் சேர்க்க வேண்டும். கிரானுலோமா நோய்க்கு டி.எச்.ஆர். என்ற தனிச் சோதனை. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-18 மிக அதிகமாக இருப்பது எக்ஸ்.ஐ.ஏ.பி. பக்கம் கைகாட்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது. பெற்றோரில் ஒருவரே பாதிப் பொருத்தத்தோடு கொடையாளராகும் முறை வந்தபின், கொடையாளர் இல்லை என்று கைவிரிப்பதும் குறைந்திருக்கிறது.

பெயர் கிடைத்த பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களையும் பார்க்க வேண்டும். தாய் அந்த மரபணுவைச் சுமப்பவள் என்றால் ஒவ்வொரு மகனுக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயில்லாமல் ஓடியாடும் தம்பிக்கும் சோதனை செய்துவிடுவது நல்லது. அவனுக்கும் அது இருந்தால், ஒருநாள் நான்கைந்து நாளாக இறங்காத காய்ச்சலோடு அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பணியில் இருக்கும் இளம் மருத்துவர் டெங்கு சோதனையோடு ஃபெரிட்டினையும் எப்ஸ்டீன்-பார் வைரஸையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு அந்த விவரம் அவன் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அசத்தியோபிரின் வேண்டாம் என்ற குறிப்பும் கூடவே.